கோழியின் வால் பக்கத்துச் சுண்டைக்காய்: பண்ணைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், ராசிபுரம், பல்லடம், உடுமலை பக்கத்துப் பண்ணைக்கார அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், நம் சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கமுங்க.

போன கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். மக்காச்சோளம் விலை, சோயா விலை, முட்டை ரேட்டு, லாரி வாடகை என்று பேச்சு போய்ச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. தப்பில்லை, அதெல்லாம் நம் வயிற்றுப் பாடு. ஆனால் நான் சொல்ல வந்ததும் நம் ஷெட் சமாச்சாரம்தான், அதனால் மடலாக எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மோகனூர் பக்கத்துக்காரன். பதினாறு வருஷம் ஒரு பெரிய லேயர், அதாவது முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக இரண்டு குஞ்சு ஷெட் வைத்திருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அக்கா பையனுக்குக் காய்ச்சல் வந்தது, விடவே இல்லை. காலில் கையில் அடிபடாமலே கன்றிப்போன மாதிரி நீலத் திட்டு. கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதுகுப் பக்கம் இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தப் புற்றுநோய் என்றார்கள். பையனுக்கு அப்போது ஆறு வயசு. ஃபைலில் நோயின் பேருக்கு முன்னால் 'பி செல்' என்று எழுதியிருந்தது. அக்காவும் மாமாவும் பேசுகிற நிலையில் இல்லை, நான்தான் அந்த டாக்டர் பொண்ணிடம் கேட்டேன், அது என்னங்க பி, ஏ பி சி-யில் வருகிற பி-யா என்று. அவர் பதிலுக்கு, நீங்க என்ன தொழில் பண்றீங்க என்று கேட்டார். கோழிப்பண்ணை என்றேன். "அப்படின்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே அண்ணா, அது உங்க கோழியோட பர்சாவுல இருந்து வந்த பி" என்றார்.

அந்த வராண்டாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் பர்சா எனக்குத் தெரியும். ஒரு பேட்ச்சில் பாதிக்கு மேல் அதனால் இழந்தவன் நான்.

அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் பாதிப் பேருக்கு இதே கதை நடந்திருக்கும், காரணம் மட்டும் தெரியாமல் போயிருக்கும். சொந்த ஷெட் போட்ட புதிது. நாலாயிரம் குஞ்சு. பதினாலாம் நாள் கம்போரோ மருந்து, அதாவது குஞ்சின் பர்சாவைத் தாக்குகிற கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து, குடிதண்ணியில். காலையில் தண்ணியை நிறுத்தி, குஞ்சுகளைத் தாகம் எடுக்க விட்டு, ஐஸ் போட்டு, பால் பவுடர் கரைத்து, மருந்தைக் கலக்கி எல்லாம் முறைப்படி செய்தோம். ஒன்றை மறந்துவிட்டோம். முந்தின நாள் சாயங்காலம் பாசி பிடிக்கிறதே என்று மேல் டேங்கில் பிளீச்சிங் பவுடர் கொட்டியிருந்தேன். கொட்டியது நான்தான், ஆளைச் சொல்ல முடியாது. பால் பவுடர் கொஞ்ச நஞ்சக் குளோரினைத்தான் அடக்கும். மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, அது டேங்கிலேயே செத்துவிட்டது. நாலாயிரம் குஞ்சும் அன்றைக்குக் குடித்தது வெறும் பால் தண்ணி.

நாலாவது வாரம் குஞ்சுகள் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒதுங்கின, வெள்ளை வெள்ளையாகக் கழிந்தன, தங்கள் பின்பக்கத்தைத் தாங்களே கொத்திக்கொண்டன. நூற்றுச் சொச்சம் செத்தது. ஒரு வாரத்தில் மற்றதெல்லாம் தெளிந்து தீவனம் எடுக்க ஆரம்பித்ததும், தப்பித்தோம்டா சாமி என்று இருந்துவிட்டேன். அதற்கப்புறம் ராணிக்கெட், அதாவது வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தையும் தேதி தவறாமல் போட்டேன். ஏழாவது வாரம் வெள்ளைக்கழிச்சல் வந்தது. கழுத்து முறுக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி விழுந்தன. பாதிக்கு மேல் போய்விட்டது. மருந்து போலி என்று மருந்துக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன், இன்றைக்கும் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

கால்நடை டாக்டர் அம்மா ஒருவர் வந்து, தீவனச் சாக்கை விரித்து, செத்த குஞ்சு நாலைந்தை வரிசையாகப் போட்டு அறுத்துக் காட்டினார். வாலுக்குக் கீழே, எச்சம் போடுகிற துவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, முதுகுப் பக்கம் ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பை, அதுதான் பர்சா. நல்ல குஞ்சில் அது சுண்டைக்காய் மாதிரி உருண்டையாக, பாலாடை நிறத்தில் இருக்கும், அறுத்தால் உள்ளே புத்தகத் தாள் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். கம்போரோ வந்த புதிதில் அது வீங்கும், மேலே மஞ்சளாக வழவழவென்று படியும், உள்ளே ரத்தக் கீறல் ஓடும். தொடைக்கறியிலும் அதே கீறல். நோய் தாண்டிப்போன குஞ்சில் சுருங்கிவிடும். என் குஞ்சுகளில் அது ஒரு பயறு அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. நோய்க்கிருமியோடு சண்டை போடுகிற எதிர்ப்பொருளைச் செய்கிற பட்டறையே போயிடுச்சுங்க, அப்புறம் நீங்க எந்த மருந்து போட்டு என்ன பிரயோஜனம், டைட்டர், அதாவது ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு, எங்கிருந்து ஏறும் என்று கேட்டார்.

சரி, இப்போது அந்த 'பி'க்கு வருகிறேன். பையன் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடித் தேடிப் படித்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். அப்படித்தான் மேக்ஸ் கூப்பர் என்கிற மனிதரைத் தெரிந்துகொண்டேன். இவரைப் பற்றி நம் பண்ணைக்காரர் ஒருவருக்கும் தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய மனக்குறை.

1933-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். பட்டிக்காட்டுப் பக்கம், அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள். 1957-ல் டாக்டர் படிப்பை முடித்துக் குழந்தைகள் டாக்டர் ஆனார். கோழிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1963-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் குட் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் மண்டையைக் குடைந்தது நோயாளிக் குழந்தைகள்தான். ஒரு வகைப் பையன்களுக்கு எதிர்ப்பொருள் தாராளமாக இருந்தது, இருந்தும் அக்கி மாதிரி வைரஸ் நோய் வந்தால் உடம்பெல்லாம் பரவித் தாங்க முடியாமல் போனார்கள். இன்னொரு வகைப் பையன்கள் உண்டு, 1952-ல் புரூட்டன் என்கிற டாக்டர் முதலில் கண்டுபிடித்துச் சொன்னது, அவர்கள் ரத்தத்தில் எதிர்ப்பொருளே இருக்காது, நிமோனியா திரும்பத் திரும்ப வரும். ஆனால் அம்மை மாதிரியான வைரஸ் நோய்களைப் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள். நோயை எதிர்ப்பது ஒரே படை என்றால் இது எப்படி நடக்கும்? ஒருவேளை படை இரண்டோ என்று கூப்பருக்குப் பட்டது. குழந்தையை அறுத்துப் பார்க்க முடியாது. எலியிலும் அதைப் பிரித்துக் காட்ட வழி தெரியவில்லை.

வழி கோழியில் இருந்தது. அந்தச் சுண்டைக்காய்ப் பையை நானூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் பதுவா நகரத்து ஃபாப்ரிசியஸ் எழுதி வைத்தார், அதனால்தான் அதற்கு ஃபாப்ரிசியஸ் பர்சா என்று பேர். அது சேவலின் விந்தைச் சேர்த்து வைக்கிற பை என்று நினைத்துவிட்டார். அதற்கப்புறம் முந்நூறு வருஷத்துக்கு மேல் அது எதற்கு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. 1950-களில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கோழி வளர்ப்புத் துறையில் படித்துக்கொண்டிருந்த புரூஸ் கிளிக் என்கிற மாணவர், அது என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று குஞ்சுகளில் அதை அறுத்து எடுத்துவிட்டுக் காத்திருந்தார். கோழிகள் நன்றாகத்தான் வளர்ந்தன. கூடப் படித்த திமோதி சாங்குக்கு வகுப்பில் எதிர்ப்பொருள் எப்படி உண்டாகிறது என்று காட்டக் கோழி தேவைப்பட்டது, கிளிக்கிடம் கேட்டு வாங்கிப்போனார். சால்மனெல்லா கிருமியை ஊசி போட்டார். சில கோழி செத்தது, மற்றதில் எதிர்ப்பொருளே வரவில்லை. பாடம் நடத்தப் போனவருக்கு மானம் போயிருக்கும். ஆனால் யோசித்தார்கள், பர்சா எடுத்த கோழிகள்தான் அவை என்று கண்டுபிடித்தார்கள். எழுதி அனுப்பிய கட்டுரையைப் பெரிய அறிவியல் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் 1956-ல் கோழி வளர்ப்புக்கென்று இருக்கிற இதழில் வந்தது. நோயாளியைப் பார்க்கிற டாக்டர்கள் கோழி இதழை எங்கே புரட்டப்போகிறார்கள், வருஷக்கணக்கில் அது அப்படியே கிடந்தது.

இங்கேதான் கூப்பர் எனக்குப் பெரிய மனிதராகத் தெரிகிறார். படித்த டாக்டர், குழந்தைகளைப் பார்க்கிறவர், கோழிக்காரன் எழுதியதை எடுத்து மதித்துப் படித்தார், அதிலிருந்து தன் கேள்விக்கு வழி கண்டார். கிளிக்குக்குப் பிறகு மற்றவர்கள் செய்ததில் ஒரு ஓட்டை இருப்பதையும் பார்த்தார். குஞ்சு பொரிக்கும்போதே பர்சாவில் தயாரான அணுக்களில் கொஞ்சம் வெளியே கிளம்பி உடம்பில் பரவியிருக்கும், அப்புறம் பையை மட்டும் எடுத்தால் போதாது. அதனால் பொரித்த குஞ்சில் பர்சாவை எடுத்துவிட்டு, எக்ஸ்ரே கதிரையும் காட்டி, ஏற்கெனவே கிளம்பியதையும் அழித்தார். இன்னொரு கூட்டம் குஞ்சில் தைமஸை எடுத்தார், அதற்கும் கதிர் காட்டினார். தைமஸ் நீங்கள் பார்த்திருப்பீர்கள், கழுத்தின் இரண்டு பக்கமும் பாசிமணி கோத்த மாதிரி இறங்கும், தோலை உரிக்கும்போது கொழுப்பு என்று நினைத்து விட்டுவிடுவோம். அது என்ன செய்கிறது என்று 1961-ல்தான் ஜாக் மில்லர் என்கிற இன்னொரு பெரிய ஆராய்ச்சியாளர் எலிக்குட்டிகளை வைத்துக் காட்டியிருந்தார்.

பர்சா இல்லாத குஞ்சுகளுக்கு எதிர்ப்பொருள் அறவே வரவில்லை, அதைச் செய்கிற அணுக்களே உடம்பில் இல்லை, ஆனால் தைமஸ் வழி வந்த அணுக்கள் பழுதில்லாமல் இருந்தன. தைமஸ் இல்லாத குஞ்சுகளோ வேற்றுக் கோழியின் தோலை ஒட்ட வைத்தால் அதைத் தள்ளத் தெரியாமல் நின்றன. ஆக, இரண்டு பட்டறை, இரண்டு படை. பீட்டர்சன், குட் இருவரோடும் சேர்ந்து 1965-ல் நேச்சர் இதழில் எழுதினார். அதே வருஷம் அவர் குழந்தைகள் டாக்டர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, டிஜார்ஜ் என்கிற டாக்டர், தைமஸ் இல்லாமலே பிறந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன், நீங்கள் கோழியில் சொல்கிற மாதிரியேதான் அவர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னார். ஷெட்டில் பார்த்தது அப்படியே தொட்டிலில் இருந்தது. எனக்கு இதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்த்துவிட்டதுங்க.

1969-ல் தைமஸ் அணுவுக்கு டி என்றும் பர்சா அணுவுக்கு பி என்றும் பேர் நிலைத்தது. உலகத்தில் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் பி செல் என்று சொன்னாலும் நம் கோழியின் பேரைத்தான் சொல்கிறார்.

மனுசனுக்குப் பர்சா கிடையாது. அப்படியென்றால் நமக்கு அந்த பி அணு எங்கே தயாராகிறது என்று கூப்பர் தேடிக்கொண்டே இருந்தார். 1967-ல் அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கேயே நாற்பது வருஷம் இருந்தார். நடுவில் லண்டனில், ஓவன், ராஃப் என்கிற இருவரோடு சேர்ந்து, எலிக்கருவின் ஈரலில் அது உண்டாவதை 1974-ல் காட்டினார்கள். பிறந்த பிறகு எலும்பு மஜ்ஜைதான் அந்த வேலையைச் செய்கிறது. பி அணு முழுசாக முதிர்வதற்கு முந்தின பருவத்து அணுக்களையும் அவருடைய ஆய்வுக்கூடம் அடையாளம் கண்டது. குழந்தைகளுக்கு வருகிற ரத்தப் புற்றில் பெரும்பாலானது அந்தப் பிஞ்சுப் பருவத்தில் நின்றுபோய்ப் பெருகுகிற பி அணுக்களால்தான் வருகிறது. எங்கள் பையனின் இடுப்பு எலும்பில் ஊசி போட்டு எடுத்ததும் அதைத்தான். எந்த வகை என்று பிரித்துத் தெரிந்ததால்தான் எந்த மருந்து, எத்தனை மாசம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. பெரியவர்களுக்கு வருகிற ஒரு வகை நிணநீர்ப் புற்றுக்கு 1997-லிருந்து இருக்கிற ரிட்டுக்ஸிமாப் ஊசியும் பி அணுவைக் குறி பார்த்து அடிப்பது. அந்த ஊசியைக் கூப்பர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் குறி எது என்று பிரித்துக் காட்டியதில் அவர் பங்கு இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. எழுபது வயசில் மனுசன் வீட்டில் உட்காரவில்லை. லாம்ப்ரே என்று தாடை இல்லாத ஒரு மீன், சேற்றில் புழு மாதிரிக் குட்டியாகக் கிடந்து வளர்வது, அதற்கு எதிர்ப்பு சக்தி எப்படி இருக்கிறது என்று ஆராயப் போய்விட்டார். நம்முடைய எதிர்ப்பொருள் மாதிரியே வேலை செய்கிற, ஆனால் வேறு சாமானில் வேறு விதமாகக் கட்டிய ஒன்று அதனிடம் இருப்பதை 2004-ல் அவருடைய குழு காட்டியது. அந்த மீனிலும் டி மாதிரி ஒன்று, பி மாதிரி ஒன்று என்று இரண்டு படை உண்டு என்று 2009-ல் எழுதினார்கள். 2008-ல், எழுபத்தைந்து வயசில், அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறி அங்கே புதிதாக ஆய்வுக்கூடம் வைத்தவர். 2018-ல் ஜப்பான் பரிசு, 2019-ல் லாஸ்கர் பரிசு, இரண்டும் ஜாக் மில்லரோடு சேர்த்துத்தான். நோபல் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை, அதைப் பெரிய படிப்பாளிகளும் சொல்கிறார்கள்.

இப்போது உங்களிடம் கேட்க வந்தது.

செத்த குஞ்சைப் பார்க்காமல் குழியில் போடாதீர்கள். காலையில் பக்கெட்டில் எண்ணிக்கொண்டு போய்க் கொட்டுவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது, ரிஜிஸ்டரில் எண்ணிக்கை மட்டும் ஏறுகிறது. இரண்டை எடுத்து அறுத்து பர்சாவைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்புங்கள். நாமக்கல்லிலேயே 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நம் ஊரில் இல்லாததைத் தேடி அலைய வேண்டியதில்லை. மருந்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் பர்சாவைப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு பேட்ச் மிச்சம், ஒரு சிநேகிதமும் மிச்சம்.

அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் ஆராய்ச்சிக்கு என்று வந்தால் கேட்டிலேயே நிறுத்துகிறோம். நோய் வந்துவிடும் என்று பயம், அது நியாயமான பயம்தான், நானே பயந்தவன். குளிக்க வையுங்கள், நம் உடுப்பைக் கொடுங்கள், பூட்ஸை மருந்தில் முக்கச் சொல்லுங்கள். பயம் அதோடு தீர்ந்துவிடும். சிலர் வேறு காரணத்துக்காக நிறுத்துகிறார்கள், நம் பண்ணையில் இவ்வளவு செத்தது என்று வெளியே தெரிந்தால் விலை இறங்குமே என்று. அதைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். பேரைப் போடாமல் எழுதச் சொன்னால் எழுதுவார்கள்.

சங்கப் பெரியவர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. கோயிலுக்குக் கொடுக்கிறோம், கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்கிறோம், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டித் தருகிறோம், கொங்கு நாட்டான் கை நீட்டத் தயங்கியதில்லை. வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு, ஒரே ஒரு பிள்ளைக்கு, கோழியின் நோய் எதிர்ப்பு சக்தியைப் பற்றி ஆராய்ச்சி செய்யச் சங்கம் உதவித்தொகை கொடுக்கட்டும். நம் தண்ணியில், நம் வெயிலில், நம் ஷெட்டில் எந்த நாள் கம்போரோ மருந்து கொடுத்தால் பிடிக்கிறது என்பதை அந்தப் பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். தாய்க்கோழி மஞ்சள் கரு வழியாகக் கொடுத்த எதிர்ப்பொருள் குஞ்சில் ரொம்ப இருந்தால் நாம் கொடுக்கிற மருந்தை அதுவே அடித்துவிடுகிறது, குறைந்த பிறகு கொடுத்தாலோ நோய் முந்திக்கொள்கிறது. இந்த ஒரு கணக்கைச் சரியாகச் சொல்ல ஆள் இருந்தாலே போட்ட காசு திரும்பிவிடும்.

வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். 'டாக்டர் சீட் கிடைக்கலை, வெட்னரிதான் கிடைச்சது' என்று பிள்ளை காதில் விழுகிற மாதிரிச் சொல்லாதீர்கள். அந்தத் 'தான்' என்கிற ஒரு சொல் பிள்ளையைக் குன்றிப்போக வைக்கும். என் காது படவே ஒரு மாமா கல்யாணப் பந்தியில் அப்படிச் சொன்னார், பக்கத்து இலையில் அந்தப் பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள்.

எங்கள் பையன் மருந்தெல்லாம் முடித்து இப்போது ஐந்தாவது படிக்கிறான். லீவுக்கு மோகனூர் வந்தால் ஷெட்டே கதி. மருந்து கொடுக்கிற நாள் காலையில் டேங்கில் ஏறித் தண்ணியை மோந்து பார்த்து, பிளீச்சிங் வாசம் இல்லை மாமா என்று மேலிருந்து கத்துவது அவன் வேலை. அவன் சொல்லாமல் நான் மருந்து பாட்டிலை உடைப்பதில்லை. வருகிற பேட்ச் வந்து பதினாலாம் நாள், அதற்கு முன்னால் இரண்டு குஞ்சை அறுத்து நல்ல பர்சா எப்படி இருக்கும் என்று காட்டப்போகிறேன், கால்நடை டாக்டர் அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வர விரும்புகிறவர்கள் முதல் நாள் வேறு எந்த ஷெட்டுக்கும் போகாமல், குளித்துவிட்டு வாங்க. பூட்ஸ் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
மோகனூர் பக்கத்துக் குஞ்சுப் பண்ணைக்காரன்